ஹாவொக் கப்பல் தண்ணீரில் இறங்கிய விபரம்

லாசால்,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மருமகன் பிரணவனுக்கு,

நானும் மாமியும் நல்ல சுகம். ரொறொன்ரோவில் நீரும் கஜந்தினியும் புதுப்பிள்ளையும் எங்களைவிடச் சுகமாய் இருக்கவேண்டுமென்று முருகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டு பனிக்காலம் பேஸ்மென்ரில் குந்தியிருந்து நீர் தகரத்தில் குட்டி நீராவி எஞ்சினோடு செய்த ஹாவொக் கப்பலை மாதிரிக் கப்பல் போட்டியில் ஓட்டி, எப்படியாவது, வெல்லும் கப்பலை வைக்கும் நூலகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏற்றிவிடும்படி என்னிடம் ஒப்படைத்தீர் அல்லவா? ஏற்றியாயிற்று.

போட்டிக்கு முதல்நாளே நாசகாரிக் கப்பல்களைப் பற்றிய புத்தகம் முழுவதையும் படித்து முடித்தேன், அதாவது படங்களை. என்ன மூளையடாப்பா அந்த வெள்ளைக்காரனுக்கு! டோர்பிடோவைக் கட்டிக்கொண்டு வரும் சின்னப் படகுகள் மலைபோன்ற போர்க்கப்பலையே மூழ்கடிக்கப் பார்க்க, அதுகளைத் துரத்திப் பிடிக்கவென்றே 1893இல் ஹாவொக்கை இறக்கினான். மணிக்கு இருபத்தாறு கடல்மைல்! தகடு கடதாசி மாதிரி, அதற்குள் கொதிகலன், எஞ்சின், பீரங்கி, ஆட்கள், எல்லாவற்றையும் அடைத்து, தண்ணீர் வழிந்தோட முகப்பை ஆமை முதுகுபோல வளைத்தும் விட்டான். இப்படியான மூளை எங்கள் குடும்பத்தில் எனக்கு இருக்கிறது, கொஞ்சம் உமக்கும்.

கப்பல் இறக்கும்போது அவன் முகப்பில் போத்தல் உடைப்பான். நான் தேங்காய் கொண்டுபோனேன். குளக்கரையில் மாதிரிக் கப்பல் கழகத் தலைவர் அம்புறோஸ் மறித்தார்.

“அண்ணை, உது தகரம். நிலத்திலை உடையுங்கோ.”

“நீர் சும்மா இரும். வெள்ளைக்காரன் நிலத்திலையே போத்தில் உடைக்கிறவன்?”

முகப்பில் ஒரே அடி. தேங்காய் சரிபாதி. ஆமை முதுகு கொஞ்சம் அமுங்கியது. கப்பலின் நடுவில் ‘டிக்’ என்று ஏதோ கேட்டது, அதை நான் பெரிதாய் எடுக்கவில்லை.

ஓடவிட்டால் மூக்கைத் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு ஓடுகிறது. சனம் சிரிக்கத் தொடங்க, நூலகத்திலிருந்து நடுவராய் வந்த றொசானாவிடம் ஓடிப்போய், “பிள்ளை, உண்மை ஹாவொக்கும் மூக்கைக் குத்தித்தான் ஓடினது. அதுதான் 1903இலை புது நாசகாரியளுக்கு முகப்பை உயர்த்திக் கட்டினவங்கள்” என்றேன். எழுதிக்கொண்டாள். கப்பல் வெடவெடவென்று நடுங்கியது. உண்மைக் கப்பலும் நடுங்கினது என்றேன். புகைபோக்கியால் நெருப்பு வந்தது. அங்கேயும் வந்தது என்றேன்.

“என்னப்பா, எல்லாத்தையும் வெள்ளைக்காரன்ரை தலையிலை போடுறியள்!” என்று மாமி கத்த, றொசானா அவளைப் பார்த்து, “இல்லை அன்ரி, அங்கிள் சொல்லுறது சரி. இவ்வளவு நுணுக்கமாய் ஒருத்தரும் செய்யேல்லை” என்றாள்.

கப்பல் கரை சேர்ந்தது. முந்நூறு பேர் கைதட்டினார்கள். மாமி பன்னிரண்டு என்பாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. முதற்பரிசு உமக்கு!

கஜந்தினிக்கு அன்பும் பிள்ளைக்கு ஆயிரம் முத்தமும். கடவுள் உங்கள் மூவருக்கும் துணை.

இப்படிக்கு,
உம்மை ஒருபோதும் கைவிடாத மாமா,
இராசநாயகம்

பி.கு.: கரை சேர்ந்தது என்றேன், ஒன்றாய்ச் சேர்ந்தது என்று சொல்லவில்லை. நடுவால் முறிந்துவிட்டது. நான் கலங்குவேனா? 1901இல் கோப்ரா என்ற நாசகாரியும் வடகடலில் இப்படித்தான் இரண்டானது. பாவம், கனபேர் செத்தார்கள். இது அந்தக் கோப்ராவேதான், முதலில் ஹாவொக் என்றது என் வாய்தவறி, மருமகன் வேண்டுமென்றே முறியச் செய்தவர் என்று றொசானாவிடம் சொன்னேன். பரிசு அதற்குத்தான். நீர் எழுதிய பெயரைச் சுரண்டிவிட்டேன். அடுத்த மாதம் பதினான்காம் திகதி நூலகத்தில், இவ்வளவு சரியாய் எப்படி முறியவைத்தீர் என்று நீர் பேசவேண்டும். இன்னொன்று செய்து, அவர்கள் முன்னால் முறித்தும் காட்டுவீரென்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.