ஃபேன் நின்ற பிறகு நான் ஆற்றிய சொற்பொழிவு

எங்கள் பக்கத்தில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்றால் அதைக் கண்ணால் காட்ட முடிய வேண்டும். லாரி வைத்திருப்பவர் லாரியைக் காட்டுவார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வைத்திருப்பவர் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, அந்தச் சத்தம் நாலு ஊருக்குக் கேட்கும். ராசிபுரத்துத் தறிக்காரர் பட்டுச் சேலையை விரித்துப் போடுவார். நான் எதைக் காட்டுவது? கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அதை எட்டிப் பார்த்த என் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "ஏங்கண்ணு, சிக்னல் போயிருச்சா?"

அன்றைக்கே எனக்குள் ஒரு வைராக்கியம் பிறந்துவிட்டது. என் வேலை என்ன என்பதை இந்தக் குடும்பத்துக்குப் புரிய வைக்காமல் விடுவதில்லை. அந்த வைராக்கியம் ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் கொட்டாய் நிறைய இருந்த கோழிகளைக் கொல்லப் பார்த்தது.

என் மாமனாருக்கு ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் கறிக்கோழிப் பண்ணை. நாலு பக்கமும் மூடிய நீளமான கொட்டாய். ஒரு கோடியில் தண்ணீர் வழியும் கூலிங் பேட், மறு கோடியில் ஆள் உயர ஃபேன்கள். கோடையில் அந்த ஃபேன்கள் கால் மணி நேரம் நின்றால் போதும், வளர்ந்த கோழி வாயைப் பிளந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் நடக்கும். சாப்பாடு, சண்டை, சாமி கும்பிடுவது, எல்லாம். மாமாவும் அத்தையும் தூங்கும்போதுகூட ஒரு காதை அங்கே விட்டுவைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அந்த இரைச்சல் பிடிக்காது. தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிவேன். (ஓமலூரில் என் அம்மா வீட்டில் மோட்டார் ஓடினாலே கதவைச் சாத்திக்கொள்ளும் பிறவி நான்.)

நான் வேலை பார்ப்பது அந்த ஃபேன்களை நடத்தும் கண்ட்ரோலர் பெட்டி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். அதற்கான புரோகிராம் எழுதுவது என் பொறுப்பு. புது மாடலைச் சோதித்துப் பார்க்க ஒரு பண்ணை வேண்டும் என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், மாமா ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியைக் கழற்றிவிட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் ராசப்பன், "நல்லா ஓடறத எதுக்குங்க கழட்டோணும்?" என்று சொல்லிப் பார்த்தார். "இது என்ற மருமவ செஞ்ச பொட்டி" என்றார் மாமா. அதற்கு மேல் ராசப்பன் என்ன பேச முடியும்?

மருமகள் செய்த பெட்டிக்கு ஒரு வியாதி இருந்தது. சில நாளைக்கு ஒரு தடவை, வெயில் ஏறும் நேரமாகப் பார்த்து, ஃபேன்கள் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். பெட்டி தானே தன்னைத் தட்டி எழுப்பிக்கொள்ளும். மறுபடி ஓடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அதற்குள் அத்தை அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து நிற்பார். "மறுக்கா நின்னுச்சு கண்ணு" என்பார். எனக்கு அவமானமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு முடிவு கட்டுவது என்று உட்கார்ந்தேன். புதுப் பெட்டியின் சிப்பில் மெமரியின் ஒவ்வொரு துண்டுக்கும், அதைத் திறக்க வருகிற வரிக்கும் ஒரே எண்ணைக் குறியாகப் போடும் வசதி உண்டு. டிபக்கரை மாட்டி, அந்தக் குறிகளைப் பார்த்தால் திருடனைப் பிடித்துவிடலாம். டிபக்கர் என்றால், ஓடுகிற புரோகிராம் தப்புச் செய்கிற அந்த நொடியில் அதை அப்படியே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் கருவி. இதில் முக்கியமான சொல் 'நிறுத்தி' என்பது. அன்றைக்கு அந்தச் சொல்தான் என் மண்டையில் ஏறவில்லை.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். பெட்டி தடுமாறினால் தட்டி எழுப்புகிற ஏற்பாடு இருக்கிறதல்லவா, அது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுப்பிவிட்டால் தடயம் போய்விடுமே என்று அதை அணைத்து வைத்தேன். சரி, சூடு ஏறினால் அலறுகிற சைரன் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. அதை அலற வைப்பதும் இதே புரோகிராம்தான்.

கொட்டாயின் முகப்பில் உள்ள சின்ன அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, பெட்டியைப் பார்க்கலாம் என்று ராசப்பனும் இன்னும் இரண்டு பண்ணைக்காரர்களும் வந்தார்கள். மாமாவுக்கு ஒரே பெருமை. "மருமவ சொல்லுவா, கேளுங்க. நா எளநி வெட்டிட்டு வாரேன்" என்று தோப்புக்குப் போய்விட்டார். (என் கணவர் அன்று சேலத்துக்குப் போயிருந்தார். தன் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்.)

வெயில் ஏறியது. கொட்டாயில் சூடு ஒரு படி கூடினால் பெட்டி பழைய படிக்கான ஃபேன்களை நிறுத்திவிட்டு, அடுத்த படிக்கானவற்றைப் போடும். நிறுத்தியது. போடுவதற்குள் என் டிபக்கர் 'பிடித்தேன்' என்று அதை நிறுத்தி வைத்தது. நான் அவசர அவசரமாக 'மெமரி டேக் ரீட்' என்று கமாண்ட் கொடுத்தேன். திரையில் வந்தது: கேட்க வந்தவனிடம் இருக்கும் குறி ஒன்பது. மெமரியில் இருக்கும் குறி மூன்று. பொருந்தவில்லை.

வாரக்கணக்காகத் தேடியது கிடைத்துவிட்டது! அத்தோடு சுற்றிலும் எவ்வளவு அழகான அமைதி! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அப்படியொரு அமைதி வாய்த்ததில்லை. அமைதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேனா? இல்லை. "அப்பாடா, இப்ப நல்லாக் கேக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"கல்யாண மண்டபம் இருக்குதுங்களா? அதுல ரூமு, ரூமுக்குச் சாவி. ரூமுக் கதவுல ஒரு கலர், சாவிலயும் அதே கலர். மொத்தம் பதினாறு கலர் வெச்சுக்கலாம். ஒரு பார்ட்டி காலி பண்ணதும் கதவோட கலர மாத்திருவோம். போன முகூர்த்தத்துக்காரர் சாவியக் குடுக்காம வெச்சிருந்து, இன்னைக்கு வந்து கதவத் தொறக்கறாருன்னா..."

"ஏனுங்க அம்மிணி" என்றார் ராசப்பன்.

"உள்ள இன்னொரு மாப்பிள்ளை குளிச்சுட்டு இருப்பாருங்க. ஆனா கலர் வேறயா இருந்தா அங்கயே புடிச்சிரலாம்."

"அம்மிணி, சித்த..."

"கேள்வியெல்லாம் கடைசில வெச்சுக்கலாங்க" என்றேன், புன்னகையோடு.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரும் கோழியோடு பிறந்து வளர்ந்தவர்கள். ஃபேன் நின்ற அந்த நொடியே அவர்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் பண்ணையில், அதுவும் பெட்டியைச் செய்த மருமகளிடம், "ஃபேன் நின்னு போச்சு" என்று எப்படிச் சொல்வது? தெரிந்துதான் நிறுத்தியிருப்பாள் என்று மரியாதையாக நின்றார்கள். மரியாதை தாங்காமல் ராசப்பன்தான் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"இல்லீங்க அம்மிணி, கோழி..."

"கோழிய உதாரணமா எடுத்தா கொழப்புங்க. மண்டபமே இருக்கட்டும்."

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது. அத்தை. கையெல்லாம் கடலை மாவு. நாற்காலியோடு என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் இருந்த ஸ்விட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பி, ஃபேன் ஒவ்வொன்றாகப் போட்டார். இரைச்சல் திரும்பி வந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். அத்தனை கோழியும் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு மூன்று நாளில் விற்பனைக்கு வண்டியேற வேண்டிய கோழிகள். பின்னால் காலடிச் சத்தம். மாமா அரிவாளோடு ஓடி வந்துகொண்டிருந்தார். (இளநீர் வெட்டிய அரிவாள்தான். ஆனால் அந்த விவரம் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.) பதறிப்போய் கையில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன். டிபக்கர் மூடிக்கொண்டது. தடயமும் அதோடு போனது.

ராசப்பனும் மற்ற இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவோடு கொட்டாய்க்குள் இறங்கினார்கள். மூலையில் நெருக்கியடித்துக் கிடந்த கோழிகளைக் கலைத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, அரும்பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். சிலது போய்விட்டன. எத்தனை என்று மாமா எண்ணினார், என்னிடம் சொல்லவில்லை. நான் சாயங்காலம் வரை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். ஊரே வேண்டாம் என்று சொன்ன பெட்டியை என்னை நம்பி மாட்டிய மனிதர் அவர். அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

அவரே வந்தார், பின்னாலேயே அத்தையும். "சாமி, அந்தத் தப்பு கெடச்சுதா?"

"சாவி பொருந்தலைன்னு தெரிஞ்சுதுங்க மாமா. பழைய சாவி யாரு கையில இருக்குதுன்னு பாக்கறதுக்குள்ள..."

"பாக்கறதுக்குள்ள?"

"பேசிட்டு இருந்துட்டேனுங்க."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

இதற்குப் பிறகு நான் சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே சொல்லக் கூசிய வாக்கியம். "இன்னொருக்கா நிறுத்திப் பாக்கோணுங்க மாமா."

"கோழி வண்டியேறட்டும். காலிக் கொட்டாயில நீ எத்தன வாட்டி வேணாலும் நிறுத்திக்க. யாரு கேக்கறா?" என்று சொல்லிவிட்டு, மாமா பழைய பெட்டியைத் தேடி எடுத்து மாட்டப் போனார்.

கோழி வண்டியேறியது. கொட்டாயைக் கழுவிவிட்டு என் பெட்டியை மறுபடி மாட்டினோம். ஆனால் கோடை மழை பிடித்துக்கொண்டது. வெயிலும் இல்லை, கோழியின் சூடும் இல்லை, படி ஏறவே இல்லை. தப்பு நடந்தால்தானே பிடிப்பதற்கு? லேப்டாப்பைப் பார்த்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அத்தைதான் வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியையும் நீள ஒயரையும் எடுத்து வந்தார். கொட்டாய் நடுவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, தொங்கிக்கொண்டிருந்த சூடு பார்க்கும் சென்சாருக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "எம்மருமவ எழுதுனது எப்படி ஏறாமப் போவுதுன்னு பாக்கறேன்" என்றார் அத்தை.

கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் நின்றன. கொட்டாய் முழுக்க அமைதி. ஸ்டூல் மேலிருந்து ஒரு கத்தல்: "நின்னு போச்சு! கண்ணு, பேசாத! மொதல்ல பாரு!"

பேசவில்லை. பார்த்தேன். குறியைப் பார்த்தேன், அதைக் கேட்டு வந்தது யார் என்று பார்த்தேன். படி மாறும்போது பழைய படியின் மெமரியைக் காலி செய்துவிட்டு, அதன் பழைய சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி அங்கேயே போய் நின்றது ஒரு வரி. அந்த வரியை எழுதிய மேதை நான்தான். ஒரு வரி மாற்றினேன், வியாதி தீர்ந்தது. அந்தப் பெட்டி இன்றும் எங்கள் கொட்டாயில் ஓடுகிறது. ராசப்பனும் ஒன்று வாங்கி மாட்டினார், நான் ஃபேன் ஓடும்போது லேப்டாப்போடு அவர் பண்ணைக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால், மிக்ஸி நின்றால், "கேள்வியெல்லாம் கடைசில வெச்சுக்கலாங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. போன மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு சீர் விசேஷம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அத்தையிடம் கேட்டார்: "உங்க மருமவ கம்ப்யூட்டர்ல என்ன வேலைங்க பாக்கறா?"

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அத்தை ரசத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, துளியும் தயங்காமல் சொன்னார்.

"நல்லா ஓடிட்டிருக்கறத நிறுத்திருவாளுங்க. நிறுத்திப்போட்டு, பேச ஆரம்பிச்சுருவா."