பிடியண்ணனின் மடக்குக் கத்தி

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே எத்தனை ஆலைகள் உண்டோ அத்தனையிலும் தேடிப் பாருங்கள். கத்தியின் கூர்மையைப் பற்றிக் கடுகளவும் கவலைப்படாமல், அதன் பிடியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு வாழ்ந்த இன்னொரு மனிதரை நீங்கள் காண முடியாது. இதை நான் எந்த மேடையிலும் நின்று வாதிடுவேன். எதிரணியில் எவர் அமர்ந்தாலும் வெல்வேன். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை ஒருவரும் படித்ததில்லை. எங்களுக்கு அவர் பிடியண்ணன்.

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. நான் தரச் சோதனையில் பயிற்சியாளன். அவர் பெட்டி பிரிக்கும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. வந்திறங்கும் அட்டைப்பெட்டிகளின் நாடாவை அறுத்து, உள்ளிருப்பதை உற்பத்தி லைனுக்கு அனுப்புவது அவர் வேலை. அறுப்பதற்குக் கம்பெனி மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டர் கொடுத்திருந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அரைவேக்காட்டுச் சோற்றை வாயில் போட்டவரைப் போல முகத்தை வைத்துக்கொள்வார்.

“ஏண்ணே, வெட்டலையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வெட்டுறதுக்கு இன்னா தம்பி, பிளேடு கூடத்தான் வெட்டும். கையில ஒக்காரணும்ல? இது ஒக்காராம நின்னுகினே கீது. கடன் கேக்க வந்தவன் மாதிரி.”

அவருமே அப்படித்தான், ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்து நான் பார்த்ததில்லை. கம்பெனிப் பேருந்தில் இடமிருந்தாலும் நிற்பார். நின்றால் மேலே உள்ள கம்பியைப் பிடிக்க மாட்டார். கேட்டால், “தடி சரியில்ல. வெரலு சுத்தி வரல” என்பார். இதன் பயனாக, ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்து திரும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் மடியில் வந்து விழுவார். ஒருமுறை சூப்பர்வைசர் மடியில் விழுந்தார். எழுந்தவர் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, சூப்பர்வைசர் கையிலிருந்த குடையை வாங்கிப் பிடித்துப் பார்த்து, “சார், இந்தப் பிடி உங்க கைக்குப் பெருசு. அதான் எப்பவும் கோவமா கீறீங்க” என்றார். பேருந்தே சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் அன்றிலிருந்து குடை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

வல்லம் வடகாலில் ஒரு மாடி அறையை நாங்கள் மூவர் பகிர்ந்திருந்தோம்: நான், உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரரான பிடியண்ணன், தென்காசிப் பக்கத்திலிருந்து அதே கம்பெனிக்கு வந்த சுடலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சுடலையும் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதற்குள், பிடியண்ணன் அறையிலிருந்த அத்தனை பிடிகளுக்கும் சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றியிருந்தார். கரண்டி, துடைப்பம், வாளி, குளியலறைத் தாழ்ப்பாள், தோசைக்கல். தோசைக்கல்லை அடுப்பில் வைத்ததும் டியூப் உருகி வழிந்தது.

சுடலை முதல் விள்ளலை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். “எண்ணே, இது தோசையா, டயரா?”

“தின்னுடா. பிடி எப்டி கீதுன்னு மட்டும் சொல்லு.”

“பிடி நல்லாத்தான் இருக்கு. தோசைதான் பிடி கொடுக்க மாட்டேங்கு.”

அந்த வாரம் முழுதும் எங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பஞ்சர்க் கடை வாசனை அடித்தது.

இவ்வளவும் சில்லறைத் தொண்டுகள். அவருடைய வாழ்வின் பெருந்தேடல் மடக்குக் கத்தி. மடித்துச் சட்டைப்பையில் வைக்கவும், எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கவும் வேண்டும். அடங்கியபின் அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியக் கூடாது. இது அவர் வகுத்த இலக்கணம். பேருந்து நிலையத்து நடைபாதையில் வாங்கினார். ரயிலில் விற்பவரிடம் வாங்கினார். ஆன்லைனில் வாங்கி வாங்கித் திருப்பி அனுப்பினார். ஒருநாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கைப்பேசியில் அழைத்தார். பிடியண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

“சார், கத்தி வெட்டலைங்களா?”

“நல்லா வெட்டுதும்மா.”

“உடைஞ்சு வந்துச்சுங்களா?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“அப்புறம் எதுக்கு சார் ரிட்டர்ன்?”

“கைக்குள்ள ஒக்காரல.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை. பிறகு அந்தப் பெண் மெல்லிய குரலில், “சார், அந்த மாதிரி ஒரு ரீசன் எங்க சிஸ்டத்துல இல்ல. ‘சைஸ் சின்னது’ன்னு போட்டுக்கட்டுங்களா?” என்றார்.

“பொய் சொல்லாதம்மா” என்று கடிந்துகொண்டார் பிடியண்ணன்.

இறுதியில் அது ஸ்ரீபெரும்புதூர்த் தேர்த் திருவிழாக் கடையில் கிடைத்தது. சாவிக் கொத்துகளுக்கும் நகவெட்டிகளுக்கும் நடுவே கிடந்த ஒரு மடக்குக் கத்தி. புளியங்கொட்டை நிறத்தில் மரப்பிடி. நடுவில் சற்றே உப்பிய வயிறு. சுண்டுவிரலுக்கென்று ஒரு சிறு பள்ளம். அதை எடுத்தவர் அப்படியே கண்ணை மூடி நின்றுவிட்டார். நாதஸ்வரம் கடந்தது, கூட்டம் கடந்தது, ஐஸ் வண்டி கடந்தது. அவர் அசையவில்லை. கடைக்காரர்தான் பொறுமையிழந்தார்.

“இன்னாண்ணே, வோணுமா வோணாவா? தூங்கறதுன்னா வூட்டுக்குப் போய்த் தூங்கு!”

“இரு நைனா” என்றார் பிடியண்ணன், கண்ணைத் திறக்காமலே. “இப்பத்தான் வந்து ஒக்காந்துகீது.”

கம்பெனிக்குள் கத்தியோ தீப்பெட்டியோ கைப்பேசியோ கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றே கணக்குத் தீர்க்கப்படும். ஆகவே எங்கள் வாசலுக்கு எதிரே டீக்கடை நடத்திய தேவகி அக்காவிடம் அனைவரும் இவற்றை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அக்கா ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார். பிடியண்ணன் மட்டும், “அக்கா, கூடையில போடாத. உன் முந்தானையில முடிஞ்சுக்கோ” என்பார். “போய்யா, என் தாலிக்கே இவ்ளோ காவல் இல்ல” என்பார் அக்கா. ஆனாலும் முடிந்துகொள்வார்.

அந்த ஆண்டுதான் பிடியண்ணனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு எழுந்தது. பாதுகாப்பு விழா முடிந்ததும் உத்தரவு வரும் என்றார்கள். வாலாஜாபாத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார். வேலை நிரந்தரமானால்தான் தேதி குறிப்போம் என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டனர். அவர் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். அவர் தவித்ததால் அறையில் நாங்களும் தவித்தோம்.

பாதுகாப்பு விழா என்றால் எங்கள் பக்கத்து ஆலைகளில் பட்டிமன்றம் இல்லாமல் இராது. அவ்வாண்டுத் தலைப்பு: ‘விபத்தைத் தடுப்பது நல்ல கருவியா, தொழிலாளியின் கவனமா?’ கருவி அணிக்கு நான் தலைவன். நடுவர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முன்வரிசையில் ஆலையின் தலைமை அதிகாரி; அவர் பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி.

விழாவுக்குப் பெரியவர்கள் வருகிறார்கள் என்பதால், வாசல் அழகாக இருக்க வேண்டுமென்று தேவகி அக்காவின் கடையை அன்று ஒருநாள் மூடச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் பொருள்களைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பிடியண்ணன் விடவில்லை.

“சீட்டுல வெச்சா வெயில்ல காயும்டா. மரம் சுருங்கிடும்.”

வாசற்காவலர்கள் வரவேற்பு வளைவு கட்டும் பரபரப்பில் இருந்தார்கள். கத்தி உள்ளே வந்தது. காலையில் உறுதிமொழி எடுக்கையில், ‘தடை செய்த பொருளை உள்ளே கொண்டுவர மாட்டேன்’ என்று வலக்கையை நீட்டி முழங்கினார். இடக்கை சட்டைப்பையைப் பொத்தியிருந்தது.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. என் அணியின் மூன்றாம் பேச்சாளரை மாற்றிவிட ஆள் வராததால் அவர் லைனிலேயே சிக்கிக்கொண்டார். நாற்காலி காலியாக இருந்தது. மனிதவள அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணில், இருக்கையில் அமராமல் சுவரோரம் உலாவிக்கொண்டிருந்த ஒரே மனிதர் பட்டார்.

பிடியண்ணன் மேடையேறினார். ஒலிவாங்கியைப் பிடித்தார், பிடி சரியில்லை என்று முகம் சுளித்தார், பிறகு பேசினார்.

“அல்லாருக்கும் வணக்கம். கருவி கருவின்றாங்கோ. கருவின்னா இன்னா? பாதி இரும்பு, பாதி பிடி. இரும்பு அடுத்த பொருளுக்கு. பிடிதான் நமக்கு!”

அரங்கம் அதிர்ந்தது. நான் எழுதிப் பயின்ற அத்தனை அடுக்குமொழிகளுக்கும் கிடைக்காத கைதட்டல். எனக்கு உள்ளூரச் சுட்டது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கைதட்டல் பழகாத மனிதருக்கு அது தலைக்கேறும். ஏறியது.

“நான் சொன்னா நம்ப மாட்டீங்கோ. இத்தப் புடிச்சுப் பாருங்கோ!”

சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, மடித்தபடியே, முன்பக்கம் அமர்ந்திருந்த தொழிலாளி ஒருவர் கையில் வைத்தார்.

கைதட்டல் பாதியில் அறுந்தது. பாதுகாப்பு அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நிரந்தர வேலையும் வாலாஜாபாத்தும் ஒரே நொடியில் போகின்றன. கத்தியை வாங்கியவர் மேடையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், கண்ணை மூடி ஒருமுறை பிடித்தார், “ஆஹா” என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தவரிடம் கொடுத்தார். அவரும் கண்ணை மூடினார், தலையாட்டினார், கொடுத்தார். அதிகாரி வரிசையின் இந்த முனைக்கு ஓடினால் கத்தி அந்த முனைக்குப் போயிற்று.

“இங்க குடு அதை!”

“பின்னாடி போயிடுச்சு சார்.”

பின்வரிசைக்கு ஓடினார். “எங்கய்யா?”

“இப்பத்தான் சார் முன்னாடி போச்சு.”

மூச்சிரைக்க மேடைக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். “யாரோட கத்தி அது?”

கூட்டத்தின் நடுவிலிருந்து சுடலையின் குரல் வந்தது: “எந்தக் கத்தி சார்?”

நான் பிறந்ததே இந்தக் கணத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. எழுந்தேன். “நடுவர் அவர்களே! எங்கள் அணியின் பேச்சாளர் அவைக்கு முன்வைத்தது ஓர் உவமை. உவமையைக் கைப்பற்ற எந்தச் சட்டத்திலும் இடமில்லை!”

“ஆமா சார், உவமைதான்!” என்றது அரங்கம் ஒரே குரலில்.

நடுவரும், “நல்ல உவமை” என்று தலையசைத்தார். தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்ட நேரத்தில் பிடியண்ணன் ஒலிவாங்கியை மீட்டுக்கொண்டார்.

“உவமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது என்னுது! தேர்க்கடையில வாங்குனது. இப்ப யாராண்ட கீது? சொல்லுங்கோப்பா!”

“அண்ணே, ஒக்காருண்ணே!” என்று கத்தினோம். அவர் எந்நாளில் உட்கார்ந்தார்?

தலைமை அதிகாரி வடக்கிலிருந்து வந்தவர். யோசித்து யோசித்துத் தமிழ் பேசுவார். “அது எப்படி இருக்கும்?” என்று அமைதியாகக் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. பிடியண்ணன் வெறுங்கையை நீட்டி விவரிக்கத் தொடங்கினார். வயிறு இங்கே உப்பும் சார், பள்ளம் இங்கே வரும் சார், கட்டைவிரல் இப்படிச் சாயும் சார். விவரிக்க விவரிக்க, தலைமை அதிகாரியின் விரல்கள் தாமாகவே மடங்கின. எங்கள் விரல்களும் மடங்கின. இல்லாத கத்தி ஒன்றை அரங்கமே பிடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே கம்பெனிப் பேருந்தின் ஹாரன் ஒலித்தது.

எங்கள் பக்கத்தில் எதையும் நிறுத்தி வைக்கலாம். ஷிஃப்ட் பேருந்தை நிறுத்த முடியாது. அனைவரும் எழுந்து ஓடினோம். காஞ்சிபுரம் பேருந்தில் இடம் பிடிக்க வேண்டியிருந்ததால் நடுவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தீர்ப்பில்லாமல் முடிந்த ஒரே பட்டிமன்றம் அதுதான்.

மறுநாள் அலமாரிகளைத் திறந்தார்கள், நாற்காலிகளைக் கவிழ்த்தார்கள், கேன்டீன் பொங்கல் அண்டாவுக்குள் கரண்டி விட்டுத் துழாவினார்கள். கத்தி இல்லை. “குத்தத்தை ஒத்துக்கிறான், பொருள் இல்லையே!” என்று பாதுகாப்பு அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். பொருளில்லாத குற்றத்துக்கு என்ன எழுதுவது? வாய்மொழியாக எச்சரித்து விட்டுவிட்டார்கள். உத்தரவு வந்தது. வாலாஜாபாத்தில் தேதி குறித்தார்கள்.

பிடியண்ணனுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. பேருந்தில் ஏறும் ஒவ்வொருவர் கையையும் பற்றிக் குலுக்கிச் சோதித்தார். “உனுக்குக் குட்டை வெரலு, உன்னாண்ட இருக்காது. நீ காட்டு. ம்ஹூம், உனுக்கு வேர்க்குது.” தேவகி அக்காவின் கையைக்கூடக் கேட்டு, கரண்டியால் அடி வாங்கினார்.

கத்தி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அன்று சுடலையின் ஷூவுக்குள் போனது. பிறகு எங்கள் அறையில் ஆபத்து என்று மறைமலை நகருக்குப் போனது. அங்கே ஒருவர் வீட்டில் எலுமிச்சை நறுக்கியது. பின்னர் சுங்குவார்சத்திரத்தில் வெங்காயம். என்னிடமும் ஒரு மாதம் இருந்தது. ஆர்வத்தோடு பிடித்துப் பார்த்தேன். வயிறு உள்ளங்கையை உறுத்தியது. பள்ளம் என் சுண்டுவிரலுக்கு எட்டவே இல்லை. சுடலைக்கும் அப்படித்தானாம். விசாரித்துப் பார்த்ததில், அன்று அரங்கத்தில் கண்ணை மூடித் தலையாட்டிய ஒருவர் கைக்கும் அது பொருந்தவில்லை.

திருமணத்துக்குப் பேருந்து முழுதும் வாலாஜாபாத் போனோம். மணமேடையில் அவர் மாலையோடு நின்று, வந்தவர் கையையெல்லாம் வழக்கத்தைவிடச் சற்று நேரம் கூடுதலாகப் பற்றினார். அந்த வரிசையில் ஒருவர் சட்டைப்பையில் கத்தி இருந்தது. மணமக்களுக்கு முன்னால் வந்தபோது அவர் கை பைக்குள் போனதை நான் பார்த்தேன். வெறுங்கையாகவே வெளியே வந்தது. கொடுத்திருந்தால், ஒருமுறை தொலைத்த பிடியண்ணன் இனித் தேவகி அக்காவிடம்கூட விடாமல் திங்கட்கிழமையே அதை ஆலைக்குள் எடுத்துவருவார். செவ்வாய்க்கிழமை எங்கள் பேருந்தில் அவர் இருக்க மாட்டார்.