பெட்ஷீட் தேர்வில் தோற்ற மாமாவுக்கு

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், நீங்கள் 'புரொபசர்' என்று கேலி செய்யும் அதே நான், பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவும் நலம், முதுகை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். அண்ணா எப்போதும்போல் எங்கள் எல்லாரையும்விட நலம். உங்கள் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் சனிக்கிழமை வக்கீலம்மா அலுவலகப் படிகளில் நீங்கள் இறங்கி ஓடிய வேகத்தைப் பார்த்தபோது, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கடைசியில் வந்து பாதியில் ஓடியதால் முன்கதை உங்களுக்குத் தெரியாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, வீட்டை விற்ற பணத்தில் ஒரு பங்கை அண்ணாவுக்கென்று ஒதுக்கினார்கள் அல்லவா? அதை நேராக அவன் பெயரில் போட்டால், 'உனக்குத்தான் சொத்து இருக்கிறதே' என்று அவனுக்கு வரும் உதவித்தொகையை அரசாங்கம் நிறுத்திவிடுமாம். அம்மா பெயரில் போட்டால் அப்பாவுக்கு வயிற்றெரிச்சல், அப்பா பெயரில் போட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். அதனால் டிரஸ்ட் என்று வக்கீலம்மா வழி சொன்னார். பணம் டிரஸ்டில் இருக்கும், அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு அண்ணாவுக்கு வாடகை, மருந்து, புதுச் செருப்பு என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்க ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்த ஆள் யார் என்பதில்தான் சண்டை மூண்டது. அதற்கும் முன்னால், யார் காலம் முதலில் முடியும் என்பதிலேயே மூண்டது! "எனக்கு பிரஷர் இருக்கு, நான்தான் முதல்ல போவேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்" என்று அப்பா வக்கீலம்மாவைப் பார்த்துச் சொல்ல, "பத்து வருஷமா இதையே சொல்லிட்டு இருக்காரு, இன்னும் போன பாடில்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க மேடம்" என்று அம்மாவும் வக்கீலம்மாவிடமே சொல்ல, நடுவில் இருந்த அவர் தலையைத் திருப்பித் திருப்பிக் கடைசியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் நூறு வயசு இருங்க, ஆனா கையெழுத்தை வர்ற வெள்ளிக்கிழமை போட்டுடுங்க" என்றார்.

அப்பா பக்கத்து வேட்பாளர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா. அம்மா பக்கத்து வேட்பாளர், கண்ணீருக்குப் பஞ்சமில்லாத பெரியம்மா. இருவரும் நாற்காலி நுனியில் காத்திருந்தார்கள். அப்போதுதான் வக்கீலம்மா, இருபத்தாறு வருஷமாக யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். அண்ணா பக்கம் திரும்பி, "தம்பி, உங்களுக்கு யார் வேணும்?" என்றார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெரியப்பா இருமினார். அண்ணா அவசரப்படவில்லை. பையைத் திறந்து, தன் ஹோட்டல் சலவைப் பிரிவில் பழசென்று கழித்துவிட்ட டபுள் பெட்ஷீட் ஒன்றை எடுத்து, "மடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.

மாமா, அவன் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெரிய விரிப்பை யாரும் தனியாக மடிப்பதில்லை. இருவர் எதிரெதிரே நின்று, முனை பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். அங்கே யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பேச்சே கிடையாது. யாரோடு மடிக்க வரும், யாரோடு வராது, அவ்வளவுதான். "முதல்ல எப்படின்னு காட்டுறேன்" என்று அவன் இரண்டு முனையை அம்மா கையிலும் இரண்டு முனையை அப்பா கையிலும் திணித்துவிட்டான். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை நேரில் பேசாதவர்கள்! அப்பா, "உன் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றார். அம்மா, "தூக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க இறக்காம இருங்க" என்றார். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மடிப்பு இஸ்திரி போட்டதுபோல் வந்தது. எப்பேர்ப்பட்ட மூளை நம் அண்ணாவுக்கு!

அதன் பிறகு பெரியப்பா வந்தார். வடம் இழுப்பதுபோல் இழுத்து, "இப்படியா பிடிக்கறது? முனையைப் பாருடா, முனையை!" என்று அதட்டிக்கொண்டே இருந்தார், துணி ஓரத்தில் டர்ரென்றது. பெரியம்மா வந்தார். "நீ உக்காரு கண்ணா, உனக்கெதுக்குச் சிரமம்" என்று முழு விரிப்பையும் பிடுங்கி, முகவாயில் இடுக்கித் தாமே மடித்து முடித்துவிட்டார். அண்ணா வெறுங்கையோடு நின்றான்.

அப்புறம், யார் பக்கத்து வேட்பாளரும் இல்லாத நீங்கள். டிரைவிங் ஸ்கூல் சட்டையோடு வியர்க்க விறுவிறுக்க வந்தீர்கள். முனையைப் பிடித்தீர்கள், உங்கள் போன் அடித்தது, விரிப்பைத் தரையில் விட்டீர்கள். "ஐயோ, போட்டுட்டேனே முதலாளி!" என்று சிரித்து, எடுத்து உதறி, "மறுபடியும் முதல்லேர்ந்து போலாமா?" என்று அவனைக் கேட்டீர்கள். பாதி மடிப்பில் மறுபடி போன். இந்தத் தடவை எடுத்தீர்கள். உங்களிடம் கார் கற்கும் அக்கா ஒருத்தி தனியாக ஓட்டிப் பார்த்து எங்கேயோ சுவரில் ஏறி நிற்கிறாள் என்றதும், பாதி விரிப்பை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டீர்கள். நியாயமா மாமா இது?

அண்ணா என் கையிலிருந்த விரிப்பை வாங்கிப் பையில் வைத்தான். வாசலில் வக்கீலம்மாவோடு என்னமோ மெதுவாகப் பேசினான், பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மூவரும் தோற்றாகிவிட்டது என்று எனக்குப் புரிந்துபோனது. சொந்தத்தில் யாரும் தேறாவிட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்தால் கோபம் மாதிரி தெரியும் என்பது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? எனக்கோ பதினைந்து வயது, கையெழுத்துப் போட முடியாது. எனக்கு வேறு வழி தெரியலை மாமா, நீங்கதான் தேறணும். வியாழக்கிழமை மறுதேர்வு வைக்கும்படி அண்ணாவைக் கெஞ்சப்போகிறேன். அதுவரை தினமும் அத்தையோடு ஒரு டபுள் பெட்ஷீட் மடித்துப் பழகுங்கள். கட்டைவிரல் உள்பக்கம் இருக்க வேண்டும். அவன் அடி எடுத்து வைத்த பிறகே நீங்கள் வைக்க வேண்டும். ஜோக் அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போனை அணைத்து அத்தையிடம் கொடுத்துவிட வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கமும், வாண்டுகள் இருவருக்கும் ஆளுக்கொரு செல்லக் குட்டும். உங்கள் வண்டிகளுக்குச் சுவர்கள் எல்லாம் வழிவிடட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மருமகள்,
புரொபசர்

பி.கு.: உறையில் போடுமுன் அண்ணாவுக்குப் படித்துக் காட்டினேன். "மாமா எங்க தோத்தார்?" என்றான். "கீழே போட்டாரே!" என்றேன். "நானும்தான் தினம் போடுறேன். போட்டா எடுத்து உதறணும். பெரியப்பா திட்டினார். பெரியம்மா பிடுங்கிட்டாங்க. மாமாதான் 'மறுபடியும் போலாமா'ன்னு என்னைக் கேட்டார்" என்றான். வாசலில் வக்கீலம்மாவிடம் உங்கள் பெயரைத்தான் சொன்னானாம், பத்திரத்தில் அது ஏறியும்விட்டதாம்! என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவே இல்லையாம், பேசிக்கொண்டே இருந்தேனாம். "சரி, ஆனா பாதியில ஓடிட்டாரே?" என்று விடாமல் கேட்டேன். "அந்த அக்கா கூப்பிட்டாங்க, ஓடினார். நான் கூப்பிட்டாலும் ஓடி வருவார்ல?" என்றான். ஆகவே மாமா, மேலே உள்ள பயிற்சி எதுவும் வேண்டாம், வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வந்தால் போதும். சுவரில் ஏறிய அக்கா எப்படி இருக்கிறாள் என்று அண்ணா விசாரிக்கச் சொன்னான். போனை மட்டும் ஒருபோதும் அணைத்துவிடாதீர்கள்.