வாளைக் கருவாடும் மின்னல் ரயிலும்

ஒரு காட்டில், அதுவும் உப்புக்காற்று ஓயாத கடலோரக் காட்டில், பிலோமினா என்றொரு நீர்நாய் கருவாடு விற்றுப் பிழைத்து வந்தாள். மீனை மணலில் காயப்போட்டால் காக்கைகள் விடாது. அதனால் உப்புத் தடவிய வாளையைப் பழைய பாசஞ்சர் ரயிலின் சன்னல் கம்பிகளில் கட்டித் தொங்கவிடுவாள். காலையில் கிளம்பும் அந்த ரயில் கடலோரமாகவே ஆடி அசைந்து மாலையில் சந்தைக்குப் போய்ச் சேரும். அதற்குள் மீன் கருவாடாகியிருக்கும். வழியெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த பயணிகளே இறங்கியதும் ஆளுக்கு இரண்டு வாங்கிப் போவார்கள்.

ஒருநாள் ரயில்வே அதிகாரி மயில், தோகையை விரித்துக்கொண்டு வந்தார்.

"தண்டவாளம் புதுசு, கரண்ட் வண்டி, எல்லாமே ஏசி பெட்டி. இனிமே ரெண்டே மணி நேரத்துல சந்தை!"

காடே கைதட்டியது. பிலோமினா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், சன்னல் தொறக்குமா?"

"தொறக்காதும்மா. உள்ள குளுகுளுன்னு இருக்கும்."

"நான் குளுகுளுன்னு போயி என்ன செய்ய? எம்மீனு காய வேண்டாமா?"

"வளர்ச்சின்னா நாலு பேரு விட்டுக்கொடுக்கத்தான் வேணும்."

அந்த நாலு பேரில் மயில் ஒருநாளும் இருந்ததில்லை.

முதல் நாள் மின்னல் ரயிலில் ஈர மீனோடு ஏறிய பிலோமினா, பிழைப்பு போயிற்றே என்று வழியெல்லாம் அழுதாள். ரயில் பறந்தது. சந்தை ஸ்டேஷனுக்கு வெளியே, வெட்டவெளியில், சடாரென்று நின்றது. பாதை முழுவதையும் புதுப்பித்தவர்கள் சந்தையில் பழைய ஒற்றைப் பிளாட்பாரத்தை அப்படியே விட்டிருந்தார்கள். அதில் முந்தி வந்த மின்னல் ரயில் ஒன்று ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது.

ஏசி அணைந்தது. பயணிகள் இறங்கிப் பனை நிழல் தேடி ஓடினார்கள். பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் வெளிக் கைப்பிடிகளில் வாளையைக் கட்டினாள். புதுப்பெட்டி வெயிலில் தோசைக்கல்லாகக் கொதித்தது. மாலையில் ரயில் உள்ளே நுழைந்தபோது கருவாடு முன்னைவிட மொறுமொறுப்பாக இருந்தது.

"பார்த்தீங்களா, பழைய வண்டி நேரத்துக்கே வந்துட்டோம், லேட்டே இல்ல!" என்று அதே ரயிலிலிருந்து இறங்கிய மயில் பெருமையாக அகவினார்.

பிலோமினாவுக்கு ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது.

"ரெண்டாவது பிளாட்பாரம் எப்ப சார் கட்டுவீங்க?"

"அதெல்லாம் திட்டத்துல இருக்கும்மா."

திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் பேரப்பிள்ளைகள் காலம்வரை இனிக் கவலையில்லை. இருந்ததிலேயே பெரிய வாளையாகப் பார்த்து மயிலுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

நீதி: முன்னேற்றம் வேகமாக வருகிறதே என்று பயந்து அழாதே. ஊருக்கு வெளியே அது எப்படியும் நிற்கும். காயப்போட வேண்டியதைக் கையோடு கொண்டுபோ.