எர்ணாவூர்ப் பூட்டும் ஒரு தேசியத் தலைவரும்

ஒரு தேசியத் தலைவரை ஜனங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டால், அவரைப் பதவியிலிருந்து இறக்க நடைமுறையில் வழி உண்டா இல்லையா என்பது மிகவும் ஆழமான கேள்வி. படித்தவர்கள் டிவியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல், வாரந்தோறும் இதை ஆராய்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில், எர்ணாவூர் பக்கம், டிரெய்லர் லாரிகள் நிற்கும் ஓரமாக இட்லிக் கடை போட்டிருக்கும் கார்குழலியும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இதே கேள்வியைக் கேட்டாள். அவள் ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு அவசரமாகப் பாத்ரூம் போகவேண்டியிருந்தது.

துறைமுகத்துக்குள் போகவேண்டிய கன்டெய்னர் வண்டிகள் அந்தச் சாலையில் ஒரு நாள், இரண்டு நாள் என்று வரிசையில் நிற்கும். டிரைவர் வண்டியை விட்டு அரை ஃபர்லாங் நகர்ந்தால் போதும், பின்னால் நிற்கிறவன் முன்னால் வந்துவிடுவான். ஆகவே ஆண்கள் சக்கரத்தின் மறைவிலேயே காரியத்தை முடித்துக்கொள்வார்கள். கார்குழலிக்கு அந்த வசதியை ஆண்டவன் கொடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு மேல் அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. முடியாத நாட்களில் அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்ரோல் பங்க் வரை நடப்பாள். அங்கே இருக்கும் மேனேஜர், அவள் பங்க்கையே எழுதி வாங்க வந்தவள் போலப் பார்ப்பார்.

இத்தனைக்கும் கடைக்கு எதிரிலேயே ஒரு கழிப்பிடம் இருந்தது. யாரோ ஒரு கம்பெனிக்காரர் புண்ணியத்தில் கட்டியது. டைல்ஸ், தொட்டி, குழாய், பெண்களுக்குத் தனி அறை, எல்லாம் உண்டு. கம்பிக் கதவில் பூட்டும் உண்டு. பக்கத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு: 'தேசியத் தலைவர் தங்கப்பாண்டி அவர்கள் தலைமையில், மாண்புமிகு ........ அவர்களால், ........ அன்று திறந்து வைக்கப்பட்டது.' பெயரும் தேதியும் முடிவாகாததால் அந்தப் புள்ளிகளையும் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள். பத்து மாதமாகப் புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன.

தங்கப்பாண்டி எந்த தேசத்துக்குத் தலைவர் என்று சொல்லிவிடுகிறேன். அவர் 'அகில பாரத டிரெய்லர் ஓட்டுநர் பேரவை'யின் தேசியத் தலைவர். ராயபுரத்தில் கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம் செய்கிறார். பேரவையில் மொத்தம் நாற்பத்தொரு பேர். எல்லையைத் தாண்டி ஆந்திராவின் தடாவிலிருந்து ஒரு டிரைவர் சேர்ந்த அன்றைக்கே அது தேசிய அமைப்பாகிவிட்டது. கழிப்பிடத்தின் சாவி பேரவையின் பொறுப்பில் இருந்தது. டெல்லியிலிருந்து ஒரு மந்திரியைக் கூட்டிவந்துதான் பூட்டைத் திறப்பது என்று தலைவர் சபதம் செய்திருந்தார். மந்திரிக்கு இப்படி ஒரு பூட்டு இருக்கும் விஷயம் தெரியாது.

"யோவ், உங்க தலைவரை இறக்கவே முடியாதா?" என்று கார்குழலி தன் புருஷனைக் கேட்டாள். நீலமேகமும் டிரெய்லர் டிரைவர்தான், பேரவையின் சாதாரண உறுப்பினன்.

"அண்ணாச்சி நேஷனல் லீடர்மே. அப்டியெல்லாம் டக்குனு இறக்க முடியாது."

"இன்னாத்துக்கு முடியாது? உன்க்கு புடிக்கலை. தோ, ரஹீம் பாய்க்குப் புடிக்கலை. எனக்கு வயிறு கல்லாட்டம் கீது. இன்னும் யாருக்குப் புடிக்கணும்?"

சாம்பாரில் இட்லியைப் பிசைந்துகொண்டிருந்த இன்னொரு உறுப்பினன் ரஹீம் நிமிர்ந்து, "இந்தியா பூரா யாருக்கும் புடிக்கலை தங்கச்சி" என்றான். அவன் சொன்ன இந்தியா, ராயபுரத்தில் தொடங்கித் தடாவில் முடிந்தது.

மறுநாளே கார்குழலி புருஷனை இழுத்துக்கொண்டு ராயபுரம் போனாள். தேசியத் தலைமையகம் தார்ப்பாய்க் கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே பொதுச் செயலாளர் தேவகிருபை, மூக்குக் கண்ணாடியும் விதிப்புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. விதியில் இல்லாத எதையும் செய்யமாட்டார், விதியில் இருப்பதைச் செய்யவும் விடமாட்டார்.

"தலைவரை நீக்கவா? தாராளமா நீக்கலாம். ஜனநாயக அமைப்பு. விதி பதினாலு" என்று அவர் பக்கத்தைப் புரட்டினார். "பதினாலு அ. மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்துப் போடணும். அதாவது இருபத்தெட்டு. மனுவைத் தலைவர்கிட்ட கொடுக்கணும். அதைத் தலைவர் பரிசீலிப்பார்."

"அவரை இறக்கறதை அவரே பரிசீலிப்பாரா சார்?" என்றான் நீலமேகம்.

"வேற யாருப்பா பரிசீலிக்கிறது? சம்பந்தமில்லாதவங்க தலையிடக் கூடாதுல்ல. பதினாலு ஆ. பொதுக்குழு கூடணும். தலைவர்தான் தலைமை தாங்கணும்."

"அவர் வரலைன்னா?"

"கூட்டம் செல்லாது."

"வந்தா?"

"வந்தா அவர் தலைமையில நடக்கும்."

கார்குழலிக்குப் பொறுக்கவில்லை. "இ-ன்னு ஒண்ணு கீதே சார், அது இன்னா?"

தேவகிருபை விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. "அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா, ஆறிடும்" என்று அவர் புத்தகத்தை மூடிவிட்டார். டீ ஆறாமல் இருந்தது. அவளும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். பிற்பாடு அந்த டீயை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

கையெழுத்து வேட்டை இட்லிக் கடையில் நடந்தது. தலைவரைத் திட்டச் சொன்னால் முப்பத்தொன்பது பேரும் வரிசையில் நின்று திட்டினார்கள். பேனாவை நீட்டினால் கழுத்தைச் சொறிந்தார்கள்.

"போட்டா எனக்கு இன்னா கிடைக்கும்?" என்றான் ரஹீம்.

"பாத்ரூம் கிடைக்கும்" என்றாள் கார்குழலி.

"அது எல்லாருக்கும்தானே. எனக்குன்னு இன்னா?"

அவள் கரண்டியைக் கையில் வைத்தபடி யோசித்தாள். தட்டு நிறையாதவனுக்கு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிப் பழகிய கை. "சரி, புதுத் தலைவர் வந்தா நீ தேசிய இணைச் செயலாளர். போடு" என்றாள். ரஹீம் பேனாவை இரண்டு கையாலும் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். விஷயம் வரிசையின் கடைசி லாரி வரை பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டு கையெழுத்தும் இருபத்தேழு பதவியும் முடிந்தன. தனக்கு என்ன பதவி என்று நீலமேகம் கேட்டபோது, "உனக்கு இன்னாத்துக்கு? நீ பொதுநலம்" என்று சொல்லிவிட்டாள்.

மனுவைத் தலைவர் மூன்று வாரம் பரிசீலித்தார். பரிசீலித்து, அது மிகவும் நியாயமான மனு என்று ஏற்றுக்கொண்டார். அப்போதே கார்குழலி சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கூடியது. கார்குழலி பொங்கலும் வடையும் கொண்டுபோயிருந்ததால் பின் வரிசையில் நின்று பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் என்றைக்கும் இல்லாமல் சட்டையை உள்ளே விட்டிருந்தார்கள். கழுத்தில் நாடா, நாடாவில் ஓர் அட்டை. பொங்கல் அண்டாவோடு பின்வாசல் வழியாக வந்த நீலமேகத்துக்கு மட்டும் அது இல்லை. ரஹீமின் அட்டையை இழுத்துப் படித்தாள்: 'வடகிழக்கு மாநிலங்களின் தேசியப் பொறுப்பாளர்.'

"நெல்லூரைத் தாண்டாத ஆளு நீ. வடகிழக்கு எங்க கீதுன்னு தெரியுமா பாய்?"

"போய்ப் பார்த்துக்கலாம் தங்கச்சி. வாசல்லயே குடுத்தாங்க. நீ அப்புறமா குடுக்கறேன்னே, அண்ணாச்சி இப்பவே குடுத்துட்டாரு."

தங்கப்பாண்டி மேடையேறினார். "பாரதத்தின் சக்கரங்களைச் சுழற்றும் பெருமக்களே! என்னை நீக்கவேண்டும் என்ற உங்கள் தீர்மானத்தை நானே மனமுவந்து வரவேற்கிறேன்" என்றார். கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. "நீக்குங்கள்! ஆனால் தலைவர் நீங்கினால் அவர் நியமித்த நிர்வாகிகளும் கூடவே நீங்கவேண்டும் என்கிறது விதி. அது ஒன்றுதான் என் மனதை உறுத்துகிறது."

மண்டபத்தில் முப்பத்தெட்டு கைகள் முப்பத்தெட்டு அட்டைகளைப் பிடித்துக்கொண்டன.

தேவகிருபை எழுந்து தொண்டையைச் செருமினார். "விதி பதினாலு இ. நீக்கல் தீர்மானத்தில் சாதாரண உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். நிர்வாகிகள் தலைமையின் அங்கம். தங்களைத் தாங்களே நீக்கிக்கொள்ள முடியாது. சாதாரண உறுப்பினர்கள் கை தூக்குங்க."

ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது நீலமேகத்தின் கை.

"மூன்றில் இரண்டு பங்கு வேணும்" என்று தேவகிருபை கணக்குப் பார்த்தார். "இருக்கிறது ஒருத்தர். அந்த ஒருத்தரும் ஆதரவு. முழு மெஜாரிட்டி!"

கார்குழலிக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது.

"முன்மொழிபவர் நீலமேகம். வழிமொழிபவர் யாரு?"

யாரும் இல்லை. "நானே மொழியறேன் சார்" என்றான் நீலமேகம்.

"தானே முன்மொழிஞ்சு தானே வழிமொழிய விதியில இடமில்ல தம்பி. தீர்மானம் விழுந்தது. அதாவது, ஏகமனதான ஆதரவோட விழுந்தது" என்று தேவகிருபை எழுதிக்கொண்டார்.

தங்கப்பாண்டி நல்ல வியாபாரி. ஜெயித்த இடத்தில் தாராளமாக இருப்பார். நீலமேகத்தை மேடைக்கு அழைத்துத் தோளில் கை போட்டார். "எதிர்க்கட்சி இல்லாத ஜனநாயகம் உண்டா? தம்பியின் கோரிக்கையை ஏற்று, மந்திரிக்குக் காத்திராமல் கழிப்பிடத்தை இன்றே திறக்கிறோம். சாவி தம்பி கையில்தான் இருக்கும். இது பதவி அல்ல, பொறுப்பு! கல்வெட்டில் அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் தம்பியின் பெயரைச் செதுக்கச் சொல்லிவிட்டேன்."

நீலமேகத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கார்குழலிக்கும் சந்தோஷம்தான். தலைவர் இருந்தால் என்ன, போனால் என்ன, பூட்டு திறந்ததே. அன்று மத்தியானம் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஒரு வாரம் சொர்க்கம். எட்டாம் நாள் எவனோ குழாயை மூடாமல் போய்த் தொட்டி காலியானது. நீலமேகம் சாவியை ஆணியில் தொங்கவிடுவதை நிறுத்தி இடுப்பில் செருகிக்கொண்டான். அடுத்த வாரம் ஒரு நோட்டு வந்தது. பெயர், நேரம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பெரிய பெரிய தேசிய நிர்வாகிகளே திணறினார்கள். அதற்கடுத்த வாரம், காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் என்று ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. பிறகு ஒரு நாள் அவன் கதவின் மேலே இருந்த பலகையைச் சட்டைத் துணியால் துடைத்துப் படித்தான்: 'உறுப்பினர்களுக்கு மட்டும்.'

"நிர்வாகிங்கல்லாம் உறுப்பினர் இல்ல பாய். தலைமையகத்துல தனி பாத்ரூம் கீது, அங்க போ" என்று ரஹீமைத் திருப்பி அனுப்பினான்.

"ராயபுரம் வரைக்கும் தாங்குமா நைனா?"

"விதியை நானா எயிதினேன்?"

கார்குழலி இதைக் கேட்டுச் சிரித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தாள். "சரி சரி, தொற."

நீலமேகம் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலை அவள் முன்பே எங்கோ கேட்டிருக்கிறாள். "கார்குழலி, தப்பா நெனைக்காத. நீ மெம்பரா?"

"மெம்பர் பொண்டாட்டி!"

"பொண்டாட்டியப் பத்தி விதியில ஒண்ணும் இல்லமே. நீ ஒரு விண்ணப்பம் எயிதிக் குடு. நான் பரிசீலிக்கறேன்."

அவள் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினாள். இருபது வருஷமாக அவனுக்குச் சோறு போட்டவள். ஆத்திரத்தில் அழுகைகூட வந்தது. அவள் ஏதாவது சொல்வதற்குள் வரிசை நகர்ந்தது. வரிசை நகர்ந்தால் டிரைவருக்குப் பெண்டாட்டியும் தெரியாது, பொறுப்பும் தெரியாது. நீலமேகம் ஓடிப்போய் வண்டியில் ஏறினான். கழிப்பிடச் சாவியோடு டிரெய்லர் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே பெட்டியை இறக்க இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டு நாளும் தேசிய நிர்வாகிகள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். கடைசியில் கடை பெஞ்சில் அவசரக் கூட்டம் போட்டு, ரஹீம் போனை ஸ்பீக்கரில் வைத்தான்.

"சார், இந்த நீலமேகத்தை இறக்க வழி கீதா?"

புத்தகம் புரளும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "பதவியிலிருந்து யாரையும் நீக்கலாம்ப்பா. தேசியத் தலைவரையே நீக்கலாம். நீலமேகத்துக்குத்தான் பதவியே கிடையாதே, எதிலிருந்து நீக்குவீங்க?" என்றார் தேவகிருபை.

அந்த நேரத்தில்தான் நீலமேகம் வந்து இறங்கினான். முகமெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் சிவப்பு. "வூட்டு சாவி குடுமே. வியாசர்பாடி போய் விழுந்து தூங்கணும். ரெண்டு நாளா கண்ணை மூடலை."

கார்குழலி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுச் சாவி அங்கே இருந்தது. ஒரு நிமிஷம் ஆட்டம் காட்டிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் முப்பது தேசிய நிர்வாகிகள் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, சாவியை விரலால் தடவியபோது, அது எவ்வளவு இதமான பொருள் என்று அவளுக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"விண்ணப்பம் எயிதிக் குடு. பரிசீலிக்கறேன்."

"விளையாடாதமே. சாவி குடுக்கணும்னு நான் முன்மொழியறேன். யாராவது வழிமொழியுங்கப்பா!"

பாவம், அவன் முகத்தைப் பார்த்து ரஹீமுக்கு இரக்கம் வந்துவிட்டது. "நான் வழிமொழியறேன்" என்று கை தூக்கினான். அவனைப் பார்த்துப் பெஞ்சில் இருந்த எல்லாரும் தூக்கினார்கள்.

"கையை எறக்குங்க" என்றாள் கார்குழலி. "நீங்கள்லாம் நிர்வாகிங்க. உங்களுக்கு ஓட்டு கிடையாது."

நீலமேகம் சாவி செருகிய இடுப்பைக் கையால் மூடிக்கொண்டு அந்தப் பெஞ்சிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். கார்குழலி அவனையும் எதிரில் இருந்த பூட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச் சாவியை இன்னும் இறுக்கமாகச் செருகிக்கொண்டு, பெட்ரோல் பங்க்கை நோக்கி வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.