நான்கு விசைகளும் ஒரு சாப்பாட்டு மேசையும்

பிரபஞ்சத்தை இயக்கும் நான்கு விசைகளையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட வரலாற்றுப் பெருமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே சேரும். அதன்மேல்தான் இயற்பியல் பேராசிரியரான என் கணவர் கம்பியிலும் அட்டையிலும் முக்கோணங்கள் செய்து பரப்பியிருந்தார். மனித குலத்தின் நலன் கருதி நானும் மகளும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டோம்.

அவருடைய புதுக் கோட்பாட்டின்படி ஈர்ப்பு, மின்காந்தம், அணுவுக்குள் இருக்கும் வலிய விசை, மெலிய விசை ஆகிய நால்வரும் உடன்பிறந்தவர்களாம். தகவலும் வடிவமும்தான் அவர்களைப் பெற்றவர்களாம்.

இந்த மகத்தான வேளையில் ஓர் அற்ப விஷயம் குறுக்கிட்டது. நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை, வெளியூர்க் கிளைக்கு என்னைத் தலைமைச் செவிலியாக அழைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்னங்க, போகட்டுமா?"

"ம்."

"ம்-னா போன்னு அர்த்தமா, வேணாம்னு அர்த்தமா?"

"ஐயோ, அந்த முக்கோணத்துல முந்தானை படுது பாரு!"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அம்மா கேக்கறது காதுல விழுதா?"

"தகவல்தாம்மா எல்லாத்துக்கும் ஆதாரம். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம இருங்க."

தகவலுக்கு இவ்வளவு மரியாதை தரும் மனிதரை நான் கண்டதில்லை. மறுநாளும் கேட்டேன். அட்டைக்குப் பசை தடவினார். வெள்ளிக்கிழமை காலையில் மருத்துவமனைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை பல்கலைக்கழக அரங்கில் அவருடைய 'உலகப் பேருரை'. உலகத்தின் சார்பில் முன்வரிசை மட்டும் வந்திருந்தது.

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல தகவல் போய்வர்ற வரைக்கும்தான் அதுங்க பக்கத்துல இருக்கும்," என்று அவர் உருகினார். "அது நின்னுபோச்சுன்னா தூரம் வளரும். கடைசியில நடுவுல இருக்கற இடமே கிழிஞ்சு, ரெண்டும் தனித்தனியாயிடும்."

துறைத்தலைவர் எழுந்தார். "பிரமாதம். இதைச் சோதனை பண்ணிக் காட்ட முடியுமா?"

"அதுக்கான ஆய்வுக்கூடம் உலகத்துல இன்னும் எங்கேயும் கட்டலீங்க."

ஓர் அறிவியல் உண்மை என் கண்ணெதிரே அநாதையாக நிற்பதா? எழுந்துவிட்டேன்.

"கட்டியாச்சு சார். கல்யாணமான நாள்லேருந்து நான் அதுலதான் சமைக்கறேன். திங்கக்கிழமை மகளைக் கூட்டிட்டு வெளியூர்ல வேலைக்குச் சேரப் போறேன்."

என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"என்னது! இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

துறைத்தலைவர் மெல்ல உட்கார்ந்தார். "நிரூபணம் ஆயிடுச்சு," என்றார்.

நானும் ஒப்புக்கொள்கிறேன். என் கணவரின் கோட்பாட்டில் ஒரு பிழைகூட இல்லை. அவர்மேல் எனக்குள்ள புகாரே அதுதான்.