இரும்புப் பிடி

கைக்கு வலு ஏற்றும் ஸ்பிரிங் பிடி உள்ளங்கைத் தோலைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது.

குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்ற பஞ்சுக்கை, பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் அதைப் பிரிக்கப் பார்த்தார். இடது கை விரலும் போய்ச் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

"என்னங்க, உள்ளே என்ன முனகல் சத்தம்?" மனைவி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல, பாடறேன்."

"இதுக்குப் பேர் பாட்டா? கதவைத் திறங்க முதல்ல."

"திறக்கறதுக்குக் கை வேணுமே!"

அவள் இடுக்கில் மகளின் ஸ்கேலை விட்டு நெம்பித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். உள்ளே கணவர் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, போலீஸிடம் பிடிபட்ட ஆள் போல நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாலு நாளா. சத்தம் போடாதே, பாப்பா முழிச்சுக்கும். முதல்ல இதைக் கழட்டு."

கழற்றியபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.

பஞ்சுக்கை என்பது துணி மில்லில் வைத்த பெயர். அவருக்கு வேலை, விளக்கு வைத்த கண்ணாடி மேஜையில் ஓடும் துணியை உள்ளங்கையால் தடவிக் குறை கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரியாத முடிச்சும் விட்டுப்போன இழையும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். மில்லுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான். அதற்குள், "அந்தக் கையை இன்ஷூர் பண்ணணும்யா" என்று பரிசோதனைப் பிரிவின் தலைவரே சொல்லும் அளவுக்குப் பெயர் வாங்கிவிட்டார்.

அந்தத் தலைவர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்துக்கு யார் என்பதுதான் மில் முழுக்கப் பேச்சு. பஞ்சுக்கைக்கு அந்தப் பதவியில் வேறெதைக் காட்டிலும் பிடித்தது அதன் நாற்காலி. பரிசோதகர்கள் எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை செய்ய வேண்டும். தலைவருக்கு மட்டும் கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி உண்டு. பஞ்சுக்கையின் கால் நரம்புகள் சாயங்காலமானால் சுருண்டு சுருண்டு எழும்பி நிற்கும். "அந்த நாற்காலி கிடைக்கலேன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல நான் படுத்தபடுக்கைதான்" என்று அவர் சொல்வது முழுக்கப் பொய்யில்லை.

பதவி கொடுப்பவர் முதலாளி. வெளியூரில் இருக்கும் அவர் ஆண்டு விழாவுக்கு மட்டும் மில்லுக்கு வருவார், வரிசையாக எல்லோருக்கும் கைகொடுப்பார். அலுவலக வாசலில் மாட்டியிருந்த பழைய புகைப்படத்தில் அவர் ஒரே கையால் ஒரு நூல் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பஞ்சுக்கை தினமும் அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்ப்பார். மனிதக் கைதானா அது என்று பிரமிப்பாக இருக்கும்.

"ஐயா பிடின்னா இரும்புப் பிடி. கைகொடுக்கும்போதே ஆளை எடை போட்டுடுவார்" என்று மில்லில் எல்லோரும் சொல்வார்கள்.

போன வருஷம்தான் பஞ்சுக்கைக்கு முதல் கைகுலுக்கல். அவருக்கு முன்னால் நின்றவர்கள் 'ஆ', 'ஐயோ', 'அம்மா' என்று ஒவ்வொருவராக அலற அலற, இவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முதலாளி கையை நீட்டியதுதான் தாமதம், தொடுவதற்கு முன்பே, "செத்தேன்!" என்று கூரை அதிரக் கத்திவிட்டார். அந்த வெட்கம் ஒரு வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. இந்த வருஷம் கத்தக் கூடாது. கத்தாத ஒரே ஆளாக நின்றால் நாற்காலி தன்னைத் தேடி வரும் என்பது அவர் போட்ட கணக்கு. வெளியே தெரிந்தால் அடுத்த மேஜைக்காரரும் ஸ்பிரிங் வாங்கிவிடுவார் என்று மூச்சு விடவில்லை.

விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

முதல் வாரம் கொப்புளம் வந்தது. இரண்டாம் வாரம் அது மில்லில், அதுவும் வெள்ளைத் துணியின் மேல் உடைந்தது. ஈரக்கறை பட்ட அந்தச் சுருளை அவரே குறையென்று முத்திரை குத்தி ஒதுக்கினார். மறுநாள் கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு போனார். கட்டுக்கு மேலே தடவியதில் எந்த முடிச்சும் தெரியவில்லை. அன்றைக்கு எல்லாச் சுருளும் பாஸ்.

"கைக்கு என்ன ஆச்சு?" என்றார் அடுத்த மேஜைக்காரர். இருபது வருஷ அனுபவசாலி.

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சு."

"ரெண்டு கையுமா?"

"ரெட்டைக் கதவு."

இரண்டாம் மாதம் கொப்புளம் போய்க் காய்ப்பு வந்தது. விரல் ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சளாக, புளியங்கொட்டை கணக்காகத் திரண்டு நின்றது. மெல்லிய துணியைத் தடவினால் காய்ப்பின் ஓரம் இழையைப் பிடித்து இழுத்தது. குறை கண்டுபிடிக்க வேண்டிய கை குறையை உண்டாக்க ஆரம்பித்தது. உருவாக்கியதும் அவரே, கண்டுபிடித்ததும் அவரே என்பதால் வேலை மட்டும் தடையில்லாமல் நடந்தது.

"எண்ணெய் தடவுங்க, தோல் இளகும்" என்றாள் மனைவி.

தடவினார். ராத்திரி ஸ்பிரிங் கையிலிருந்து வழுக்கிப் பறந்து குளியலறைக் கண்ணாடியை உடைத்தது. காலையில் மில்லில் பன்னிரண்டு சுருள்களில் ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்திருந்தன.

"எண்ணெயைச் சொன்னது நீதான்."

"கண்ணாடியை உடைங்கன்னு நானா சொன்னேன்?"

அடுத்தது பாதம் தேய்க்கும் கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்தேய் என்று தேய்த்தார். காய்ப்பு போயிற்று, கூடவே அதற்கு அடியில் இருந்த தோலும் போயிற்று. திங்கட்கிழமை துணியில் கை வைத்தபோது ஒவ்வொரு இழையும் முள்ளாகக் குத்தியது. தொட்டதெல்லாம் முடிச்சு. முப்பது சுருள்களைத் திருப்பி அனுப்பினார்.

தறிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு சுருளில், யாருக்குமே தெரியாத ஒரு விட்டுப்போன இழை நிஜமாகவே இருந்தது.

"கையாய்யா இது!" என்று தலைவர் வாயைப் பிளந்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையைப் பார்த்ததில்ல. ஐயாகிட்ட உன் பேரைத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்."

பஞ்சுக்கைக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிக் காரணம் உள்ளங்கை எரிச்சல்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேரை எழுதிக் கொடுப்பது தலைவர், கையெழுத்துப் போடுவது முதலாளி அல்லவா? அவர் எடை போடுவது கையைப் பிடித்துத்தானே? மூன்றாம் மாதம் இன்னும் கடினமான ஸ்பிரிங்கை வாங்கினார்.

இப்போது வந்த காய்ப்பு முந்தினது மாதிரி இல்லை. உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே பலகையாக இறுகிவிட்டது. மில் வாசலில் ரேகை வைக்கும் இயந்திரம் அவரை யாரென்றே தெரியாது என்று சிவப்பு விளக்கைப் போட்டது. காவலாளி தினமும் நோட்டில் எழுதி உள்ளே விட்டார். வீட்டில் பற்பசைக் குழாயைத் தொட்டால் மொத்தமும் ஒரே பீச்சாகச் சுவரில் போய் விழுந்தது. தண்ணீர்க் குழாயை மூடியபோது திருகு கையோடு வந்துவிட்டது. மனைவி அந்தத் திருகையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, நிஜமாவே பயமா இருக்கு. பெருமையாவும் இருக்கு."

அவருக்கே தன் கையைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருந்தது. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைத்தார். சூடு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. விளக்கைப் போட்டு உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னிடம் இப்படி ஒன்று ஒளிந்திருந்ததா என்று மலைப்பாக இருக்கும்.

மகள் மட்டும் தூங்க வைக்கும்போது அவர் கையைக் கன்னத்திலிருந்து தள்ளிவிட்டாள்.

"சுரண்டுது. அப்பா கை வேணும்."

"இதுதாண்டா செல்லம் அப்பா கை."

"இது இல்ல."

அது சுருக்கென்று தைத்தது. விழா முடியட்டும், திரும்பப் பஞ்சாக்கிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

விழா நாளும் வந்தது. கூடத்தில் வரிசையாக நின்றார்கள். முதலாளிக்கு எழுபத்தெட்டு வயது. ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கூனியபடி வந்தார். பஞ்சுக்கையின் கண் அவருடைய வலது கையை விட்டு நகரவில்லை. மூட்டையைத் தூக்கிய கை!

மேஸ்திரியிடம் கையை நீட்டினார் முதலாளி.

"ஆ! ஐயா, விடுங்க, விரல் போச்சு!"

"என்னப்பா, வலிக்குதா?"

"வலியா? ரெண்டு நாளைக்குப் பேனா பிடிக்க முடியாதுங்க!"

முதலாளி சிரித்தார். அடுத்தவர் கத்தினார். அதற்கடுத்தவர் இரண்டு காலையும் மாற்றி மாற்றிக் குதித்தார். கேன்டீனில் டீ போடும் அம்மா, "ஐயோ, எலும்பு!" என்று வீறிட்டுவிட்டு, அதே கையால் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த மேஜைக்காரர் முழங்கால் மடங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு அலறலுக்கும் முதலாளியின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது, முகத்தில் ரத்தம் ஏறியது. ஓட்டுநரின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தானாகவே நடந்து பஞ்சுக்கையின் முன்னால் வந்து நின்றார்.

கையைக் கொடுத்தார். பஞ்சுக்கை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பற்றினார்.

ஒன்றுமே தெரியவில்லை.

வலி இல்லை, அழுத்தம் இல்லை, கை இருப்பதே தெரியவில்லை. மூன்று மாத உழைப்பு வீண்போகவில்லை! இரும்புப் பிடி தன்னிடம் பஞ்சுப் பிடியாகிவிட்டது! சந்தோஷத்தில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

முதலாளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ காத்திருப்பவர் போல.

"என்னப்பா?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமில்லீங்கய்யா" என்றார் பஞ்சுக்கை சிரித்த முகத்துடன்.

முதலாளி இடது கையையும் சேர்த்து வைத்து அழுத்தினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. பஞ்சுக்கை அசையவில்லை. கைகொடுத்து முடித்துப் பின்னால் வந்து நின்ற மேஸ்திரி முதுகில் கிள்ளினார். பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

சும்மா நின்றால் போதுமா? தன் பங்குக்கும் கொஞ்சம் காட்ட வேண்டாமா? குழாய்த் திருகுக்குக் கொடுத்ததில் பாதியளவு, அவ்வளவுதான் அழுத்தினார்.

"ஆ!"

கத்தியது யார் என்று புரிய அவருக்கே ஒரு கணம் பிடித்தது. கத்தியது முதலாளி.

முதலாளி கையை விடுவித்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீதி வரிசையை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காருக்குப் போனார். பஞ்சுக்கை நடந்த பக்கமெல்லாம் கூட்டம் விலகி வழிவிட்டது.

"மலைச்சுப் போயிட்டாங்க" என்றார் வீட்டில். "ஒருத்தருக்கும் வாயே வரலை."

"நாற்காலி?"

"இனிமே அதுல என்ன சந்தேகம்?"

மறுநாள் காலை மில்லில் அவரோடு யாரும் பேசவில்லை. வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய பதவி வந்தால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார். பதினோரு மணிக்குத் தலைவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பஞ்சுக்கையைத் தலைவராக நியமிக்கும் உத்தரவு. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"நேத்து சாயங்காலம் போடறதா இருந்தார்" என்றார் தலைவர். "பேனா பிடிக்கிற தெம்புகூடத் தனக்கு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டார். ராத்திரி முழுக்கச் சாப்பிடாம கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாராம். இனிமே மில்லுக்கே வரப்போறதில்லையாம். எல்லாத்தையும் விக்கச் சொல்லிட்டார்."

"ஏன்? அவர் கைக்கு என்ன? நான் மெதுவாத்தானே பிடிச்சேன்? அவர் பிடிச்ச பிடியில நான் தாக்குப்பிடிச்சதே..."

தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ கொண்டுவந்த அம்மா டம்ளரை ணங்கென்று மேஜையில் வைத்தாள்.

"போன வருஷம் தொடுறதுக்கு முன்னாடியே கத்தினீங்களே, விஷயம் தெரிஞ்ச ஆளுன்னுல்ல நாங்க நினைச்சிருந்தோம்!"

"என்ன விஷயம்மா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா கையில பலம் போய்ப் பத்து வருஷமாச்சுங்க, அவர் மனசு நோகக் கூடாதுன்னுதான் இந்த மொத்த மில்லும் வருஷா வருஷம் கத்துது."